வேலை கொடுத்தவர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காந்தியின் வாழ்வும் விழுமியங்களும் மற்றவர்களுக்கு எப்படி ஊக்கமாயின என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச எளிதான வழி ஒன்று உண்டு. எளிமை, உண்மை, அகிம்சை, தியாகம் என்று பண்புகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, நாமும் அப்படி வாழ வேண்டும் என்று முடிக்கலாம். அப்படிப்பட்ட உரைகளை அக்டோபர் 2 அன்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மூன்றாம் தேதி காலையில் அவரவர் வழக்கம்போல் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறோம். அதனால் நான் மறுமுனையிலிருந்து தொடங்குகிறேன். காந்தியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவரால் வாழ்க்கை திசை மாறியவர்கள் சிலரைப் பார்ப்போம்.

பார்த்தவுடன் ஒன்று தெரியும். அவர்களில் யாரும் காந்தியைப்போல் ஆகவில்லை. ஒருவர் கணக்குத் தணிக்கையாளர், ஆழ்ந்த கிறித்தவர். ஒருவர் மருத்துவர். ஒருவர் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்த பெண். ஒருவர் கடவுள் இல்லை என்று ஊரறியச் சொன்னவர். இன்னொருவர் காந்தியை நேரில் பார்க்காத அமெரிக்கக் கறுப்பினப் போதகர். ஒரே மனிதரால் தூண்டப்பட்ட இவர்கள் ஏன் இப்படி ஐந்து விதமாக இருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள விடையே இன்றைய உரை. காந்தி தன்னிடம் வந்தவர்களைப் பார்த்து "என்னைப்போல் இரு" என்று சொல்லவில்லை. அவரவர் கைக்கு ஏற்ற ஒரு வேலையைக் கொடுத்தார். அந்த வேலையின் விதிகளுக்குத் தானும் கட்டுப்பட்டார். வேலை செய்தவர் தன்னை மறுத்துப் பேசும் அளவுக்கு வளர்ந்தபோது அதைத் தடுக்கவில்லை. பல சமயம் தன்னைத் திருத்திக்கொண்டார்.

தென்னாப்பிரிக்காவில் கற்றது

அந்த ஐவரிடம் போகும் முன் ஒன்று: ஊக்கம் தலைவரிடமிருந்து கீழ்நோக்கி ஒழுகி வருவதாக நாம் நினைக்கிறோம். காந்தியின் கதையில் அது முதலில் எதிர்த்திசையில் வந்தது. 1893இல் ஒரு வழக்கு வேலையாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது அவருக்கு 23 வயது. டர்பனில் தொழில் தொடங்கிச் சில மாதங்களில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி அவரிடம் வந்தார். கிழிந்த துணி, முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் இரத்தம், தலைப்பாகை கையில் இருந்தது. வெள்ளைக்காரர் முன்னால் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற வழக்கத்தை அவர் காந்தியிடமும் கடைப்பிடித்தார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று காந்தி சொன்னார். பிறகு மருத்துவரிடம் அனுப்பிச் சான்று வாங்கினார். நீதிபதியிடம் அழைத்துப் போனார். வேறொரு முதலாளியிடம் பாலசுந்தரத்தின் ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுத்தார். செய்தி கூலி லயன்கள் எங்கும் பரவியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, தென்னாப்பிரிக்காவில் தன் மிகப் பெரிய போராட்டத்தை அவர் தொடங்கியபோது, நம்பி வந்தவர்கள் அந்த லயன்களைச் சேர்ந்த மக்கள்தான்.

1913இல் இரண்டு கொடுமைகள் ஒன்றுசேர்ந்தன. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கும் இந்தியர்கள் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்ற சட்டம் முன்பே இருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில், கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தாலி கட்டிய மனைவி சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றானதும் பெண்கள் களத்துக்கு வந்தார்கள். ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் நேட்டாலுக்குள் புகுந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். சுரங்க வேலை நின்றது. பெண்கள் சிறைக்குப் போனார்கள். தொழிலாளர்கள் குடும்பத்தோடு வெளியே வந்தார்கள். 1913 நவம்பர் 6 அன்று டிரான்ஸ்வால் எல்லையை நோக்கிப் புறப்பட்ட அணியில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் இருந்தார்கள். குழந்தைகளைக்கூட விடாமல் காந்தி எண்ணி எழுதி வைத்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். அந்தக் கணக்குப் பழக்கத்துக்கு மீண்டும் வருவேன்.

சிறையில் காய்ச்சல் கண்டு, விடுதலையான சில வாரங்களில் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நமக்குத் தெரியும். படுக்கையில் கிடந்தவரிடம் சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று காந்தி கேட்டார். மறுபடி கைது செய்தாலும் போகத் தயார் என்றார் அந்தப் பதினாறு வயதுப் பெண். அவருக்கு முன்பே நாகப்பனும் நாராயணசாமியும் உயிர் கொடுத்திருந்தார்கள். 1915 ஏப்ரலில் சென்னை வரவேற்புக் கூட்டத்தில் பேசிய காந்தி, தனக்குச் சொல்லப்பட்ட புகழெல்லாம் இந்த மூவரையும் இவர்களைப் போன்றவர்களையும் சேர வேண்டியது என்றார். பிறகு தில்லையாடிக்கும் போனார். இதை அவையடக்கம் என்று கடந்துவிடக் கூடாது. படிப்பில்லாத, பணமில்லாத மக்களால் எதைச் செய்ய முடியும் என்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். பின்னாளில் இந்தியாவில் யாரைப் பார்த்தாலும் "இவருக்கு என்ன வேலை கொடுக்கலாம்" என்று அவரால் எண்ண முடிந்ததற்கு அடிப்படை இங்கே இருக்கிறது.

தஞ்சாவூர்க்காரரின் கணக்கு

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் இலண்டனில் கணக்காளர் பயிற்சி பெற்றவர். பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். கோட்டு, சூட்டு, ஆங்கிலப் பழக்கவழக்கம் என்று வாழ்ந்தவர். அமெரிக்காவுக்குப் போய் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தபோது, இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் வரவு செலவுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். படிப்பு அவரை மாற்றியது. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை மீட்டு வைத்துக்கொண்டார். தன் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு 1929இல் காந்தியைப் பார்க்கச் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார்.

காந்தி அந்த ஆய்வைத் தன் 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளியிட ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவின் கிராமங்களில் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு விளைச்சல், எவ்வளவு கடன், எவ்வளவு வரி என்று எழுதினார். வறுமை என்பது பேச்சில் வரும் சொல்லாக இருந்த காலத்தில் அதற்கு எண்கள் கிடைத்தன. கிராமத்துக்குப் போய்த் தொண்டு செய் என்று சொல்லியிருந்தால் குமரப்பா என்ன செய்திருப்பாரோ! காந்தி சொன்னது, நீ கற்ற கணக்கை இங்கே போட்டுப் பார் என்பது.

அந்தக் கணக்கு ஒருநாள் காந்தியின் மேலேயே திரும்பியது. 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணிக்கு நாடெங்கிலுமிருந்து பணம் வந்தது. அந்த நிதியைக் காக்கக் குமரப்பாவை அழைத்தார்கள். தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று அவர் வரையறுத்தார். நிவாரணக் குழுவின் கூட்டத்துக்காகக் காந்தி தன் குழுவினருடன் பாட்னா வந்தபோது, அவர்களுக்கான பால், பழச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தி அழைத்துக் கேட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கென்று மக்கள் கொடுத்த பணம் இது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று குமரப்பா விளக்கினார். காந்தி ஏற்றுக்கொண்டார்.

இந்த நிகழ்ச்சியில் காந்தியின் பெருந்தன்மையைப் பாராட்டுவது வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, குமரப்பாவுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்பது. நேட்டால் இந்தியக் காங்கிரசை 1894இல் தொடங்கிய நாளிலிருந்தே பொதுப்பணத்தில் ஒவ்வொரு காசுக்கும் ரசீது வைத்தவர் காந்தி. அந்த விதியைக் குமரப்பா அவரிடமே பெற்று, அவரிடமே செலுத்தினார். தலைவரின் விழுமியம் தொண்டரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே ஆண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. பின்னர் சிறையில் இருந்தபடி நிலைத்த பொருளாதாரம் பற்றியும் இயேசுவின் போதனை பற்றியும் நூல்கள் எழுதினார். இறுதி ஆண்டுகளை மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் கழித்தார். காந்தி மறைந்த ஜனவரி 30ஆம் தேதியே, 1960இல், குமரப்பா இறந்த நாளாகவும் அமைந்தது.

ஒரு கையிலிருந்து மறு கைக்கு

ஊக்கம் எத்தனை தலைமுறை தாங்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு தொடர்ச்சி உண்டு. தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பெற்றோர் துணை நிற்க, தில்லியில் மருத்துவம் படித்தார். காந்தியின் சீடரான கோ. ராமச்சந்திரனை மறுமணம் செய்ய விரும்பியபோது, காந்தி இருவரையும் ஓராண்டு பிரிந்திருந்து பார்க்கச் சொன்னார். மனம் மாறவில்லை என்றதும் 1940இல் தானே முன்னின்று திருமணத்தை நடத்தினார். சாதியும் மொழியும் வேறான அந்த விதவை மறுமணம் அன்று எளிதாக விழுங்கக்கூடிய செய்தி அல்ல. கஸ்தூர்பா நினைவு அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பணி சௌந்தரத்திடம் வந்தது. 1947இல் கணவனும் மனைவியும் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். மருத்துவர் என்பதால் அங்கே மகப்பேறும் குழந்தை நலமும் முன்னுக்கு வந்தன.

சௌந்தரம் கைகொடுத்துப் படிக்க வைத்த பெண்களில் ஒருவர் கிருஷ்ணம்மாள். திண்டுக்கல் பகுதியில், நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர். 1946இல் காந்தி மதுரை வந்தபோது அவரைப் பார்த்தவர். சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதனை மணந்து, வினோபாவின் பூதான இயக்கத்தில் நடந்தார். நிலத்தைத் தானமாகக் கேட்டு நடப்பதன் வலிமையும் போதாமையும் அவருக்குத் தெரிந்தன. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கணவனும் மனைவியும் கீழத்தஞ்சைக்கு இடம்பெயர்ந்தார்கள்.

அங்கே கிருஷ்ணம்மாள் கண்டுகொண்ட வழி காந்தி சொல்லிக் கொடுத்தது அல்ல. வினோபாவின் வழியும் அல்ல. 1981இல் தொடங்கிய 'லாஃப்டி' என்ற உழுபவர் நில அமைப்பின் மூலம் நில உடைமையாளர்களையும் உழவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தார். விலை பேசி, வங்கிக் கடன் பெற்று, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று வாங்கிக் கொடுத்தார். பத்திரம் பெண்கள் பெயரில் பதிவானது. மனம் மாறட்டும் என்று காத்திருக்காமல் பத்திரப் பதிவு அலுவலகம் வரை போனார் என்பதுதான் அவருடைய பங்களிப்பு. கடலோர இறால் பண்ணைகளால் குடிநீரும் வயலும் உப்பாகியபோது இருவரும் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் இருந்த அத்தகைய பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. காந்தியிடமிருந்து சௌந்தரம், சௌந்தரத்திடமிருந்து கிருஷ்ணம்மாள்; மகப்பேறு மருத்துவமனை ஒருவருடையது, நிலப்பத்திரம் மற்றவருடையது. விளக்கிலிருந்து விளக்கேற்றும்போது சுடர்தான் போகிறது, அகல் அவரவருடையது.

கடவுளை மறுத்த சீடர்

கோரா என்று அழைக்கப்பட்ட கோபராஜு ராமச்சந்திர ராவ் தாவரவியல் ஆசிரியர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கொஞ்ச காலம் பணியாற்றியிருக்கிறார். நாத்திகக் கருத்துகளுக்காக ஆந்திரத்தில் கல்லூரி வேலையை இழந்தவர். 1940இல் முதுனூர் என்ற கிராமத்தில் நாத்திக மையத்தைத் தொடங்கி, தீண்டாமை ஒழிப்பு, சமபந்தி உணவு, முதியோர் கல்வி என்று வேலை செய்துகொண்டிருந்தார். கடவுளும் கர்மவினையும் இருக்கும்வரை தீண்டாமை போகாது என்பது அவர் கட்சி. உண்மையே கடவுள் என்று சொன்ன காந்தியை அவர் சேவாகிராம ஆசிரமத்தில் சந்தித்து வாதிட்டார்.

காந்தி அவரை மதம் மாற்ற முயலவில்லை. அவருடைய வேலையைப் பார்த்தார். கோரா தன் மூத்த மகளைத் தலித் இளைஞர் ஒருவருக்குத் திருமணம் செய்து கொடுக்க முடிவு செய்தபோது, அதைச் சேவாகிராமத்தில் தானே நடத்தி வைப்பதாகக் காந்தி சொன்னார். சடங்கில் கடவுளின் பெயருக்குப் பதிலாக உண்மையின் பெயரால் உறுதி எடுக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டார். திருமணம் 1948 மார்ச்சில் சேவாகிராமத்தில் நடந்தது. அப்போது காந்தி உயிருடன் இல்லை. கோராவின் மகன் லவணமும், கவிஞர் ஜாஷுவாவின் மகளான லவணத்தின் மனைவி ஹேமலதாவும், ஆங்கில அரசு குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய மக்கள் வாழ்ந்த ஸ்டூவர்ட்புரத்தில் 1970களில் மறுவாழ்வுப் பணி செய்தார்கள். காந்தியின் நம்பிக்கையைத் தொடாமலேயே அவருடைய வேலையைத் தொடர முடியும் என்பதற்கு இந்தக் குடும்பம் எடுத்துக்காட்டு.

நாக்பூரிலிருந்து நாஷ்வில்லுக்கு

அமெரிக்கக் கறுப்பினப் போதகர் ஜேம்ஸ் லாசன் கொரியப் போருக்கான கட்டாய ராணுவச் சேவையை மறுத்து அமெரிக்கச் சிறையில் இருந்தவர். பிறகு மெதடிஸ்ட் சபையின் சார்பில் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்தார். காந்தியோடு பணியாற்றியவர்களிடம் சத்தியாகிரகத்தின் நடைமுறையைக் கேட்டறிந்தார். 1955 டிசம்பரில் மாண்ட்கமரியில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்த செய்தியை நாக்பூர்ப் பத்திரிகையில் படித்தார். அடுத்த ஆண்டு நாடு திரும்பியவரிடம், தாமதிக்காமல் தெற்கே வரும்படி மார்ட்டின் லூதர் கிங் கேட்டுக்கொண்டார்.

நாஷ்வில் நகரில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் லாசன் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். காந்தியைப் போற்றும் உரைகள் அங்கே குறைவு, ஒத்திகைதான் அதிகம். ஒருவர் உணவகத்தில் உட்கார்ந்திருப்பவராக நடிப்பார். மற்றவர்கள் சூழ்ந்து நின்று திட்டுவார்கள், தள்ளுவார்கள், முகத்தில் புகை விடுவார்கள். அடி விழும்போது தலையை எப்படிக் காப்பது, அருகிலிருப்பவரை எப்படி மறைப்பது, திருப்பி அடிக்க எழும் கையை எப்படி அடக்குவது என்று பழகினார்கள். 1960 பிப்ரவரி 13 அன்று அந்த மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் உணவு வழங்கிய கடைகளுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அடி வாங்கினார்கள், சிறை போனார்கள். மே 10 அன்று அந்தக் கடைகள் கறுப்பினத்தவருக்கும் பரிமாறத் தொடங்கின. டயான் நாஷ், ஜான் லூயிஸ் போன்றவர்கள் அந்தப் பயிற்சியில் உருவானவர்கள். வீரம் பிறவிக் குணம் என்று நினைப்பவர்கள் ஏங்கிக்கொண்டே இருப்பார்கள். லாசன் அதைப் பாடத்திட்டம் போட்டுக் கற்றுக்கொடுத்தார்.

ஒரு மறுப்பும் ஒரு பரிந்துரையும்

இவ்வளவு சொன்னபின், கேட்க வேண்டிய கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். காந்தி எல்லாவற்றிலும் வழிகாட்டியா? இல்லை. தென்னாப்பிரிக்காவில் இருந்த தொடக்க ஆண்டுகளில் ஆப்பிரிக்க மக்களைப் பற்றி அவர் எழுதியவை இன்று படிக்கக் கூசுபவை. வருணத்தை அவர் நெடுங்காலம் ஆதரித்தார். 1932 பூனா ஒப்பந்தத்தைப் பற்றியும், 1936இல் சாதி ஒழிப்பைப் பற்றியும் அம்பேத்கர் எழுப்பிய கேள்விகள் காந்தியின் விடைகளைவிடக் கூர்மையானவை. தமிழ்நாட்டில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்தவர்களில் முன்னின்ற பெரியார், 1925இல் காங்கிரசை விட்டே வெளியேறினார். தன் கருத்துகள் இரண்டு முரண்பட்டால் பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று காந்தி 1933இல் எழுதினார். சாதி கலந்த திருமணத்தில் தயங்கியவர், கடைசி ஆண்டுகளில் அத்தகைய திருமணங்களுக்கே தன் வாழ்த்து என்றார். அந்த மாற்றத்துக்கு அவரை மறுத்தவர்களும் காரணம். பணிந்தவர்கள் மட்டுமே சூழ்ந்திருந்தால் அவர் அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு என் பரிந்துரை இதுதான். காந்தியின் உடையையும் உணவையும் எடுத்துக்கொள்வது உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் படிப்பை ஊருக்குள் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். வணிகவியல் மாணவர் தன் ஊராட்சியின் வரவு செலவைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். கிராமசபையில் எழுந்து கேள்வி கேட்கலாம். சட்டம் படிப்பவர் பட்டா கிடைக்காமல் அலையும் ஒரு குடும்பத்தின் மனுவை முடியும்வரை கொண்டுபோகலாம். வேதியியல் மாணவர் தன் தெருவின் குடிநீரைச் சோதித்து அறிக்கை எழுதலாம். கூட்டாகச் செய்யுங்கள், செலவான காசுக்கு ரசீது வையுங்கள், உங்கள் தலைவரின் செலவும் அதில் இருக்கட்டும். அந்தத் தலைவர் தவறும்போது குமரப்பாவைப்போல் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒன்று: மாணவர் உங்களை மறுத்துப் பேசும் நாளை உங்கள் வெற்றியாகக் கொள்ளுங்கள்.

ஒரு மனிதரின் வாழ்வு மற்றவர்களுக்கு ஊக்கமானதா என்பதை அவருக்கு எழுப்பிய சிலைகளை எண்ணிச் சொல்ல முடியாது. அவர் போனபின், அவர் நினைத்தும் பாராத வேலைகளை எத்தனை பேர் தொடங்கினார்கள் என்று கேட்க வேண்டும். இந்த அளவுகோலில் காந்தி தேறிவிட்டார். இனித் தேற வேண்டியவர்கள் நாம்.